குரூப் தெரபி: நெல்லைப் பக்கத்தில் சேருமுன் பார்க்க வேண்டியவை

முதலில் நாற்காலியைப் பாருங்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே மாதிரி, வட்டமாகப் போட்டு, நடுவில் எதுவும் இல்லை என்றால் அங்கே குழு சிகிச்சை நடக்க வாய்ப்பு இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் சுழல் நாற்காலி, மற்றவர்களுக்கு வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி என்றால் அது வகுப்பு. நடுவில் மேசை கிடந்தால் மீட்டிங். மைக் இருந்தால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

இந்தக் கிண்டலுக்குக் காரணம் உண்டு. 'குரூப் தெரபி' என்ற ஒரே பெயரில் நம் பக்கத்து ஆள் முன்னால் வந்து நிற்கக்கூடிய சரக்கு குறைந்தது நாலு தினுசு. மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ ஏழெட்டுப் பேரை வைத்து வாராவாரம் நடத்துவது ஒன்று. ஆஸ்பத்திரி வார்டில், முக்கியமாகக் குடிநோய்ப் பிரிவில், உள்நோயாளிகளுக்கு நடப்பது ஒன்று. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற சுய உதவிக் கூட்டம் இன்னொன்று. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நூறு பேரை உட்கார வைத்து 'மனதை மாற்றும்' ஒருநாள் முகாம் நாலாவது. முதல் தினுசுதான் இங்கே மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது. மற்றவற்றைப் போகிற போக்கில் தொடலாம்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறோம். ஒழுங்காக நடத்தப்படும் வாராந்திரக் குழு, கொடுக்கிற காசுக்கும் செலவழிக்கிற சாயங்காலத்துக்கும் தகும். ஆனால் அந்த 'ஒழுங்காக' என்பதில் பாதி, வட்டத்தில் உட்காருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டிய வேலை. அதைச் செய்யாத இடத்தில் ஏசி எவ்வளவு குளிர்ந்தாலும் பிரயோசனமில்லை.

எட்டுப் பேர், தொண்ணூறு நிமிஷம்

கேள்விப்பட்டதும் பலர் போடும் கணக்கு இது: எட்டுப் பேருக்குத் தொண்ணூறு நிமிஷம் என்றால் ஆளுக்குப் பதினொரு நிமிஷம் சொச்சம், மீதி நேரமெல்லாம் அடுத்தவர் கதையைக் கேட்க வேண்டும். கணக்கு சரி, புரிதல்தான் தப்பு. தனி அமர்வில் நீங்கள் வெளியே எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைச் சொல்லிக் காட்டுகிறீர்கள். குழுவிலோ மூன்றாவது நாலாவது வாரத்திலேயே அதை நடத்திக் காட்டிவிடுகிறீர்கள். வீட்டில் யார் பேச்சுக்கும் 'சரி' சொல்லிவிட்டு உள்ளுக்குள் குமைபவர், இங்கும் எட்டுப் பேருக்கும் 'சரி' சொல்வார். ஆபீஸில் எல்லாரையும் சந்தேகிப்பவர், இங்கே யாரோ கடிகாரம் பார்த்ததைத் தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொள்வார். அது எல்லார் கண் முன்னாலும் நடப்பதால் மறுக்கவும் முடியாது, பேசாமல் விடவும் வேண்டியதில்லை. அடுத்தவர் கதை கேட்கும் நேரம் என்று நினைத்ததில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது.

இந்த முறையின் பழைய வேர் காசநோயில் இருக்கிறது. 1905-இல் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்துக்குப் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி, ஓய்வு, காற்றோட்டம், சாப்பாடு பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பாடம் நடத்தத்தான் கூட்டினார். ஆனால் ஒருவர் எடை கூடியதைப் பார்த்து இன்னொருவருக்குத் தெம்பு வருவதை அங்கே கவனித்தார்கள். பிற்பாடு இர்வின் யாலோம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குழுவில் குணமாக்கும் காரணிகள் பதினொன்று என்று வகுத்தார். பதினொன்றையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. நம் ஊரில் பார்த்தவுடன் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைவது. மானம் போய்விடும் என்று பத்து வருஷம் பொத்தி வைத்த ஒன்றை எதிர் நாற்காலிக்காரர் சாதாரணமாகச் சொல்லும்போது, கேட்பவர் தோள் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்னொன்று, வாங்கிக்கொண்டே இருக்கும் நோயாளி கொடுப்பவராகவும் மாறுவது. மாத்திரை, ஆலோசனை, அனுதாபம் எல்லாம் வாங்கி வாங்கித் தன்னைப் பாரமாக நினைப்பவருக்கு, தான் சொன்ன ஒரு வார்த்தை இன்னொருவருக்கு உதவியது என்பது எந்த மருத்துவரும் எழுதித்தர முடியாத மருந்து.

நாலு பேர் முன்னால் மனக்குறையைச் சொல்வது நெல்லைச் சீமைக்குப் புதுசு ஒன்றும் இல்லை. கோயில் கொடையில் சாமியாடி முன் நின்று ஊர் கேட்கச் சொல்லி அழுவதில்லையா? முக்கூடல் பக்கம் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்கள் பேசாத வீட்டுக் கதையா? வித்தியாசம் என்னவென்றால், கொடையில் சாமி குறி சொல்லி முடித்துவிடும். பீடி வட்டத்தில் கண்ணும் கையும் இலையில் இருக்கும், பேச்சு அன்றைக்கே தெருவுக்கும் போய்விடும். இங்கே யாரும் குறி சொல்வதில்லை, கைக்கு வேறு வேலை கிடையாது, பேச்சு வெளியே போகக் கூடாது. இந்த மூன்றுமே பழக்கமில்லாதவை என்பதால் முதல் இரண்டு வாரம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கிட்டப் போய்ப் பார்த்தால்

ஒரு குழுவில் என்ன நடக்கிறது என்று காட்ட, எந்த உண்மையான குழுவிலிருந்தும் எடுக்காத, ஆனால் எங்கும் நடக்கக்கூடிய ஒரு துண்டு. இருபத்தைந்து வயதுப் பையன், வேலை போய் நாலு மாதம், ராத்திரி தூக்கமில்லை என்று ஆரம்பிக்கிறான். இரண்டு நிமிஷம் பேசியிருப்பான். பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஐம்பது வயது அண்ணாச்சி இடையில் வருகிறார்.

"தம்பி, சவத்த விடு. காலம்பற எந்திச்சு நாலு கிலோமீட்டர் நட. எல்லாம் சரியாப் போவும்."

"சரி அண்ணாச்சி" என்கிறான் பையன். பேச்சு நின்றுவிடுகிறது.

அனுபவமில்லாத தெரபிஸ்ட் இந்த இடத்தில் இரண்டு தப்பில் ஒன்றைச் செய்வார். 'இங்கே அட்வைஸ் பண்ணக் கூடாது' என்று அண்ணாச்சியை அடக்குவார், அல்லது பையனிடம் திரும்பி 'நீங்க சொல்லுங்க' என்று தனி அமர்வாக்கிவிடுவார். தெரிந்தவர் வட்டத்தைப் பார்த்துக் கேட்பார்: "தம்பி பேச்சு நின்னுட்டு. எந்த இடத்துல நின்னுச்சுன்னு யாராவது கவனிச்சீங்களா?"

கொஞ்சம் மௌனம். ஒரு அக்கா சொல்கிறார்: "அண்ணாச்சி நடக்கச் சொன்னாவல்லா, அப்பவே நின்னுட்டு."

"நல்லதுக்குத்தான சொன்னேன்."

தெரபிஸ்ட்: "நல்லதுக்குத்தான் அண்ணாச்சி. அதைச் சொல்லாம இருந்திருந்தா அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?"

இந்த மௌனம் முன்னதை விட நீளமாக இருக்கும், அரை நிமிஷம்கூடப் போகலாம். தெரபிஸ்ட் அதை நிரப்பாமல் இருக்க வேண்டும். பிறகு அண்ணாச்சி: "கையக் கட்டிக்கிட்டு நிக்க மாதிரி இருந்திருக்கும். எம்மவன் பேச வந்தாலும் இப்படித்தான் எதையாவது சொல்லுவேன். இப்பம்லாம் அவன் பேச வாரதே இல்ல."

அண்ணாச்சி குழுவுக்கு வந்தது வேறு காரணத்துக்காக, ரத்தக்கொதிப்பும் எரிச்சலும் என்று. மகன் பேசுவதில்லை என்பதைத் தனி அமர்வில் அவர் சொல்ல ஆறு மாதம் ஆகியிருக்கலாம், சொல்லாமலே போயிருக்கலாம். பையனுக்கோ, ஒரு பெரியவர் தன் முன்னால் தன் தவிப்பைச் சொன்னதே போதும், அடுத்த நிமிஷம் தானாகத் தொடங்கிவிடுவான். யாருக்கும் தனியாகப் பதினொரு நிமிஷம் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

'சவத்த விடு' என்பது நம் வட்டாரத்தின் அன்பான வார்த்தைகளில் ஒன்று. ஆனால் குழுவில் அதைவிட வேகமாக ஒரு பேச்சைக் கொல்வது வேறில்லை.

உட்காருவதற்கு முன்

நல்ல இடத்தில் நேரே வட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒன்றிலிருந்து மூன்று தனிச் சந்திப்பு இருக்கும், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரமாவது. அதில் என்ன பிரச்சினை என்பதோடு நிறுத்தாமல், இதுவரை இருந்த கூட்டங்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பார்கள்: பள்ளிக்கூடம், ஹாஸ்டல், கூட்டுக்குடும்பம், வேலை செய்த இடம். சண்டை வந்தால் கத்துவீர்களா, ஒதுங்குவீர்களா, வராமல் நின்றுவிடுவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். கோபம் வந்தால் சொல்லாமல் நின்றுவிடுபவர் குழுவிலிருந்தும் அப்படித்தான் நிற்பார். அதை முன்கூட்டிப் பேசி வைத்தால் நிற்கும் முன் ஒரு வாய்ப்பாவது இருக்கும்.

அதே சந்திப்பில் உடன்பாடு பேச வேண்டும். எழுத்தில் கொடுத்தால் நல்லது. அதில் இருக்க வேண்டியவை: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை வாரம், வராத வாரத்துக்குக் கட்டணம் உண்டா, இடையில் புது ஆள் சேருவாரா, வெளியே சந்தித்துக்கொண்டால் என்ன செய்வது, நிறுத்த நினைத்தால் என்ன முறை. ரகசியம் பற்றி இங்கே நேர்மையாகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் விவரத்தைக் காக்கும் கடமையை மருத்துவர், சைக்காலஜிஸ்ட் போன்றவர்கள் மேல் வைக்கிறது. உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அவரைக் கட்டுவது அவர் கொடுத்த வாக்கு மட்டும்தான். 'இங்கே எல்லாம் நூறு சதவீதம் ரகசியம்' என்று அடித்துச் சொல்கிறவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை தெரிந்தே சொல்கிறார்.

ஆயத்தம் இல்லாமல் சேர்த்தால் என்ன ஆகும்? முதல் வாரம் யாரோ ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு எல்லாவற்றையும் கொட்டுவார், அடுத்த வாரம் வெட்கத்தில் வர மாட்டார். அவர் வராததைப் பார்த்து மற்றவர்கள் வாயை இறுக்குவார்கள். ஐந்து பேருக்குக் கீழே போனால் குழு குழுவாக இருக்காது, தெரபிஸ்ட் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கும் வரிசையாகிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் எட்டுப் பேரோடு தொடங்குவார்கள், ஒன்றிரண்டு உதிரும் என்று கணக்குப் போட்டு. பத்துக்கு மேல் போனாலும் கெடும். வாய் திறக்காத மூன்று பேர் வசதியாக ஒளிந்துகொள்வார்கள்.

அறை, நேரம், மின்விசிறி

வாரம் ஒருமுறை, தொண்ணூறு நிமிஷம் என்பது பரவலான அளவு. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தால் பேச்சு சூடாகும்போதே எழ வேண்டும். இரண்டு மணிக்கு மேல் யாருக்கும் கவனம் நிற்காது. திறன் பயிற்சி வகைக் குழுக்கள் விதிவிலக்கு. கட்டுக்கடங்காத உணர்ச்சியைச் சமாளிக்கக் கற்றுத்தர மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி முறையின் பயிற்சிக் குழு இரண்டு, இரண்டரை மணி நேரம்கூடப் போகும், ஆனால் அதில் பாதி வீட்டுப்பாடம் பார்ப்பது, பாதி புதுப்பாடம், நடுவில் இடைவேளை.

தெரபிஸ்ட் இருவர் இருந்தால் மேல். ஒருவர் பேசுபவரைப் பார்க்கும்போது இன்னொருவர் பேசாதவர்களைப் பார்ப்பார். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்றால் நம் ஊருக்கு இன்னும் நல்லது. முடிந்ததும் இருவரும் கால் மணி நேரமாவது உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும். அடுத்த பேஷன்ட் வாசலில் காத்திருக்கும் இடத்தில் இது நடக்காது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

சின்ன விஷயம் ஒன்று பலருக்கும் தோன்றாது: சத்தம். சித்திரை வெயிலில் ஃபேனை ஐந்தில் வைத்தால், தணிந்த குரலில் பேசுபவர் பேச்சு எதிர்ப்பக்கம் கேட்காது. 'சத்தமாப் பேசுங்க' என்று இரண்டு தடவை சொன்னால் அவர் மூன்றாவது தடவை பேச மாட்டார். கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வரவேற்பறையில் கேட்கும். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ஏசி அறைக்கு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். வாசல் பற்றியும் ஒரு வார்த்தை: 'மனநல மையம்' என்று ரோட்டைப் பார்த்துப் பெரிய போர்டு வைத்த கட்டடத்தை விட, பல் ஆஸ்பத்திரியும் ஸ்கேன் சென்டரும் இருக்கும் மாடியில் நடப்பதற்கு ஆள் கூச்சமில்லாமல் வருவார்கள். வருத்தமான உண்மைதான், ஆனால் உண்மை.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வருபவர்களை வைத்து ராத்திரி எட்டரைக்கு முடியும் குழு போட்டால், எட்டு மணியிலிருந்தே பாதிப் பேர் கண் பஸ்ஸில் இருக்கும். முக்கியமான விஷயத்தைக் கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் எடுப்பார்கள் என்பது எல்லாக் குழுக்களுக்கும் பொது. இங்கே அந்தப் பத்து நிமிஷத்தை பஸ் தின்றுவிடும். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை முதல் ஆறு என்பது இந்த வட்டாரத்துக்குத் தோதான நேரம். தொடங்கும் மாதத்தையும் பார்க்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில், சித்திரை வைகாசியில் கொடை, நடுநடுவே முகூர்த்தம் என்று ஆள் ஆளாக விடுப்பு எடுக்கும் காலத்தில் புதுக் குழுவைத் தொடங்கினால், ஒட்டுவதற்கு முன்னாலேயே பிரிந்துவிடும்.

"நீங்க எந்த ஊரு?"

பாடப்புத்தகத்தில் இல்லாத, ஆனால் இங்கே குழு நடத்தும் எவரும் தப்ப முடியாத விஷயம் இது. இரண்டு நெல்லைக்காரர் சந்தித்தால் முதல் கேள்வி ஊர். அதில் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் ஊர், அடுத்து தெரு, அடுத்து 'யாரு மகன்' என்று மூன்றே கேள்வியில் சாதி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்த வட்டத்தில் சில பேச்சு வராது. மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட துக்கத்தைப் பேச வந்தவர், எதிரே இருப்பவர் எந்த ஆள் என்று கணக்குப் போட்ட பிறகு எப்படிப் பேசுவார்?

நல்ல தெரபிஸ்ட் இதைத் தனிச் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்: வட்டத்தில் முதல் பெயர் மட்டும் போதும், ஊர், தெரு, குடும்பப் பெயர் வேண்டாம், யாராவது கேட்டால் கேட்டதைப் பற்றியே பேசலாம் என்று. கடைசி வாக்கியம்தான் முக்கியம். வெறுமனே தடை போட்டால் டீக்கடையில் கேட்டுக்கொள்வார்கள். 'இது தெரிஞ்சா உங்களுக்கு இங்க என்ன மாறும்?' என்று உள்ளேயே கேட்டால் அதுவே அன்றைய வேலையாகிவிடும். 'எங்க குழுவுல அதெல்லாம் பிரச்சினையே வந்ததில்ல' என்று பதில் வந்தால், அவர்கள் அதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சொந்தக்காரர் சிக்கலும் இப்படித்தான். பாளையங்கோட்டையில் எட்டுப் பேரை எடுத்தால் இருவருக்காவது பொதுவில் ஒரு மைனியோ சித்தப்பாவோ இருப்பார். அதனால் சேர்க்கும் முன், பெயர் சொல்லாமல் வேலை, பகுதி மட்டும் சொல்லி, 'இப்படிப்பட்டவர் இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்தவராக இருக்க வாய்ப்பு உண்டா' என்று கேட்பது நல்ல வழக்கம். கணவன் மனைவியை, மாமியார் மருமகளை, ஒரே ஆபீஸ்காரர்களை ஒரே குழுவில் போடவே கூடாது. குழுவினருக்குள் வாட்ஸாப் குரூப் தொடங்கினால் அது முடிவின் ஆரம்பம். சனிக்கிழமை வட்டத்தில் வர வேண்டிய பேச்சு செவ்வாய்க்கிழமை போனில் கசிந்து தீர்ந்துவிடும், அதில் இல்லாத இருவர் வெளியாட்களாகிவிடுவார்கள்.

முறைப்பெயர் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று விதி போடும் குழுக்கள் இருக்கின்றன. ஐம்பது வயது ஆளை இருபத்தைந்து வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால், அவன் கூப்பிடாமலேயே இருந்துவிடுவான். 'அண்ணாச்சி', 'அக்கா' இருக்கட்டும், ஆனால் அண்ணாச்சியிடமும் 'நீங்க சொன்னது எனக்கு வலிச்சுது' என்று சொல்லலாம் என்பது பழக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் 'டாக்டர் சொல்லட்டும்' என்று எல்லாரும் ஒரே முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. இது நம் ஊர்ப் பணிவு மட்டும் அல்ல. 1897-இல் நம் நாட்டு மதுராவில் பிறந்த வில்பிரட் பயான் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், தலைவர்தான் எல்லாம் செய்வார் என்று குழு காத்துக் கிடக்கும் இந்த நிலையைத் தனியாகவே பெயரிட்டு எழுதியிருக்கிறார். தெரபிஸ்ட் அதில் சுகம் கண்டு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தால், நீங்கள் கட்டியது சிகிச்சைக்கான காசு இல்லை, டிக்கெட்.

யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

மிதமான மனச்சோர்வு, பதற்றம், துக்கம், உறவுகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி முட்டிக்கொள்வது, நீண்டகால நோயோடு வாழ்வது, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் களைப்பு: இவற்றுக்கெல்லாம் குழு நன்றாக உதவும். தனி சிகிச்சையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பலன் ஏறத்தாழ சமமாகவே வந்திருக்கிறது. ஆகவே குழு என்பது காசில்லாதவருக்கான இரண்டாந்தரச் சரக்கு இல்லை. நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கும் சமூகப் பதற்றக்காரருக்குக் குழு ஆகுமா என்று கேட்பார்கள். அவருக்குத்தான் முக்கியமாக ஆகும். ஆனால் அதற்கென்றே அமைந்த, ஆறு பேர் அளவிலான, படிப்படியாகப் பயிற்சி கொடுக்கும் குழுவில். நேரே பொதுக்குழுவில் தள்ளினால் இரண்டாம் வாரம் காணாமல் போவார்.

கிராமப்புறத்துக்கு இது ஒத்துவருமா என்ற சந்தேகத்துக்கு உகாண்டாவில் பதில் இருக்கிறது. 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அங்கே கிராமங்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று 16 வாரம் குழு நடத்தினார்கள். நடத்தியவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதே முறையை எட்டு அமர்வாகச் சுருக்கி வழிகாட்டி வெளியிட்டது. துக்கம், சண்டை சச்சரவு, வாழ்க்கை மாற்றம், தனிமை என்று நாலே தலைப்புக்குள் ஓடும் முறை அது. ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பீடித் தொழிலாளிப் பெண்களுக்கு நகரத்துத் தொண்ணூறு நிமிஷ வட்டத்தை விட இதுதான் தோதுப்படும் என்பது எங்கள் கணிப்பு. கூலி போகாத நேரத்தில் வைத்தால்.

இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கு முதலில் உடனடித் தனிக் கவனிப்பு வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் தமிழில் பேசும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மேனியா என்ற அளவு மீறிய உற்சாக நிலையின் உச்சத்தில் இருப்பவர், குரல் கேட்பதும் சந்தேகமும் கட்டுக்கு வராதவர், குடித்துவிட்டு வருபவர் ஆகியோரும் பொதுக்குழுவுக்கு இப்போது பொருந்த மாட்டார்கள். அவர்களைச் சேர்த்தால் அவர்களுக்கும் கெடுதல், மற்ற ஏழு பேருக்கும் கெடுதல். மனச்சிதைவு நோய் மருந்தில் கட்டுக்குள் வந்தவர்களுக்கு வேறு வகைக் குழு உண்டு: முக்கால் மணி நேரம், நடைமுறைப் பேச்சு, பழகும் பயிற்சி. அங்கே மௌனத்தை நீட்டுவதும் உள்மனதைத் தோண்டுவதும் கூடாது. மாத்திரையை 'குழுவுக்கு வந்தாச்சுல்லா, இனி எதுக்கு' என்று நிறுத்தச் சொல்லும் இடத்தை விட்டு அன்றே விலகிவிடுங்கள்.

மற்ற மூன்றும்

வார்டு குழுக்களில் ஆள் தினமும் மாறுவதால் ஒவ்வொரு அமர்வும் தனித்தனியே முடிய வேண்டும். அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமில்லை. குடியை நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம் என்பதால் முதலில் மருத்துவம், பிறகுதான் வட்டம். 'மீட்பு மையம்' என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டே சேர்க்க வேண்டும்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சிகிச்சை இல்லை, அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. தெரபிஸ்ட் கிடையாது, கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் பேசும்போது மற்றவர் மறுத்துப் பேசும் வழக்கமும் இல்லை. மருத்துவத்தோடு சேர்த்துப் போகலாம், காசே செலவில்லை.

மண்டப முகாமைப் பற்றி: 1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், அன்று பிரபலமாயிருந்த இந்த மாதிரித் தீவிரக் குழுக்களை ஆராய்ந்தார்கள். கடைசி வரை இருந்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு நீடித்த மனக்கேடு நேர்ந்திருந்தது. மோசமான விளைவு அதிகம் வந்தது, கவர்ச்சியாகப் பேசி, ஆளை நெருக்கி, 'இப்பவே உடைச்சுச் சொல்லு' என்று மேலே விழும் தலைவர்களின் குழுக்களில். நூறு பேர் அழுது, கட்டிப்பிடித்து, கைதட்டி, ராத்திரி பஸ் ஏறிப் போன பிறகு, மறுநாள் காலையில் உடைந்து உட்கார்ந்திருப்பவருக்கு யார் போன் எடுப்பார்?

காசும் கேள்விகளும்

கட்டணம் தனி அமர்வுக்குக் கேட்பதில் பாதியோ அதற்குக் கீழேயோ இருப்பதுதான் நியாயம். தனிக்கு வாங்குவதையே குழுவுக்கும் வாங்கினால் காரணம் கேளுங்கள். வராத வாரத்துக்கும் கட்டணம் என்பது கொள்ளை போலத் தோன்றும். ஆனால் உங்கள் நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது என்பதால் அது சரிதான், முன்பே சொல்லியிருந்தால். உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் பாலிசி வெளிநோயாளிச் செலவையே ஏற்காத பாலிசி என்றால் இதற்கும் கிடைக்காது.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை: நடத்துபவர் யார், மனநல மருத்துவரா, கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? பின்னவர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டால் சொல்வார்கள். குழு நடத்துவதற்குத் தனியே பயிற்சி எடுத்திருக்கிறாரா? தனி சிகிச்சையில் கைதேர்ந்தவர் குழுவில் தடுமாறுவது சகஜம். அவருக்கு மேலே ஆலோசனை சொல்லும் மூத்தவர் உண்டா? 'கவுன்சலர்' என்ற போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் ஊர் இது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர், வட்டத்தில் உங்கள் கோபத்துக்கும் அப்படித்தான் சுளிப்பார்.

சேர்ந்த பிறகு, நாலாவது வாரத்தை ஒட்டி நிறுத்திவிடத் தோன்றும். முதல் வார மரியாதை தீர்ந்து, யாரோ ஒருவர் மேல் எரிச்சல் வந்திருக்கும், 'இதுக்கா ஜங்ஷனுக்கு ரெண்டு பஸ் மாறி வாறோம்' என்று இருக்கும். பெரும்பாலானோர் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். உடன்பாட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்: நிறுத்துவதாக இருந்தால் இன்னும் ஒரே ஒரு தடவை வந்து, வட்டத்தில் உட்கார்ந்து, யார் மேல் என்ன எரிச்சல் என்பதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று. அப்படிச் சொல்ல வந்தவர்களில் பலர் அடுத்த வாரமும் வருகிறார்கள்.